பலிபீடம் இல்லாதவர்களின் பலி

கி.பி. 112-ஐ ஒட்டி, பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களை விசாரித்த விவரங்களைப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதமாக எழுதினார். கடிதத்தின் முடிவில் ஒரு சந்தை நிலவரமும் வருகிறது. கோயிலில் பலியான விலங்குகளின் இறைச்சியை வாங்க அதுவரை ஆள் கிடைப்பதே அரிதாக இருந்ததாம்; தாம் நடவடிக்கை எடுத்த பிறகு எங்கும் விற்கிறதாம். உரோமை ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் பலி என்றால் பீடம், விலங்கு, நெருப்பு. தெய்வத்துக்கு ஒரு பங்கு, மீதி விருந்துக்கும் கறிக்கடைக்கும். கிறிஸ்தவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஊரார் அவர்களை நாத்திகர் என்றார்கள். ‘எங்களுக்குக் கோயிலும் கிடையாது, பீடமும் கிடையாது’ என்று மினூசியு பெலிக்ஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரே ஒத்துக்கொள்கிறார்.

அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி, அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்து நன்றி சொல்லிப் பகிர்ந்துகொண்டதை ‘துசியா’ என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆடு வெட்டுவதற்குச் சொன்ன கிரேக்கச் சொல் அது.

தமிழில் இந்த வழிபாட்டைக் கத்தோலிக்கர் திருப்பலி என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து என்றோ இராப்போஜனம் என்றோ சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மூண்ட சண்டையின் தழும்பு இந்தச் சொற்களில் இன்னும் இருக்கிறது. இது பலியா, விருந்தா என்று இரு தரப்பும் வாதாடி, இரு தரப்பும் ஆதித் திருச்சபையையே சாட்சிக்கு அழைத்தன. அந்தப் பழைய நூல்களைப் படித்தால், அங்கே இந்தக் கேள்வியே எழவில்லை என்பது தெரியும். பலிதான் என்பதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. எதை ஒப்புக்கொடுக்கிறோம், எது அதைக் கெடுக்கும் என்பதுதான் அவர்களுடைய கவலை. பலி என்றதும் நமக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆகமக் கோயிலின் பலிபீடத்தில் வைப்பது சோறு. சொல்லின் இந்த அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதலில் திதாக்கே. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ உருவான கிறிஸ்தவச் சிறு கையேடு இது. நூல் தொலைந்துபோய், 1056-இல் எழுதப்பட்ட ஒரு பிரதி 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. இதிலுள்ள நன்றி மன்றாட்டில் கிண்ணம் முதலில் வருகிறது, அப்பம் பிறகு. ‘இது என் உடல்’ என்ற வாசகமே இல்லை. மலைகளில் சிதறிக் கிடந்த தானியம் ஒரே அப்பமானதுபோல உமது சபையும் ஒன்றாகட்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. பலி என்ற சொல் 14-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது: ஆண்டவரின் நாளில் கூடி, உங்கள் பலி தூயதாக இருக்கும்படி முதலில் பாவங்களை அறிக்கையிட்டு, அப்பம் பிட்டு நன்றி சொல்லுங்கள். தோழனோடு சச்சரவு உள்ளவன் சமாதானம் ஆகும்வரை உங்களோடு சேரக்கூடாது. சேர்ந்தால் பலி தீட்டுப்படும். இதற்கு மேற்கோள் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினரான மலாக்கி 1:11. சூரியன் உதிக்கும் திசை முதல் மறையும் திசைவரை எல்லா இடத்திலும் தூய காணிக்கை செலுத்தப்படும் என்ற இந்த வசனத்தை 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர்களான ஜஸ்டினும் இரேனியுவும் எடுத்தாள்கிறார்கள். 1562-இல் கத்தோலிக்கரின் திரிதெந்து பொதுச்சங்கமும் இதையே காட்டியது. எருசலேம் கோயில் 70-இல் இடிந்துவிட்டது. ‘எல்லா இடத்திலும்’ என்ற சொல் அதற்குப் பிறகு எவ்வளவு கனமாக ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலங்குப் பலியில் குறை பார்ப்பதென்றால் குருடா, முடமா, நோயா என்று விலங்கைப் பார்ப்பார்கள். மலாக்கியே அதைத்தான் திட்டுகிறார். திதாக்கே அந்தப் பரிசோதனையைக் கூடியிருக்கும் ஆட்கள் பக்கம் திருப்பிவிடுகிறது. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட திதஸ்காலியா என்ற நூல் இதற்கு ஒரு நடைமுறையே வகுத்திருக்கிறது. சபையாருக்குள் வழக்கு வந்தால் ஆயர் (பிஷப்) அதைத் திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும். தீர்ப்பை ஏற்க ஒருவன் மறுத்தால், பேசிச் சரிசெய்யச் சனிக்கிழமைவரை அவகாசம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமாதானமாகக் கூட்டத்துக்கு வரலாம். அப்படியும் ஏதாவது தப்பிவிட்டால், மன்றாட்டு நேரத்தில் திருத்தொண்டர் உரக்கக் கேட்க வேண்டும்: ‘யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?’ இன்று பூசையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பும் சமாதான வாழ்த்தின் வேர் இங்கே இருக்கிறது. அன்று அது வாழ்த்தாக மட்டும் இருக்கவில்லை, காணிக்கை செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் சோதனையாகவும் இருந்தது.

சடங்கு எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி, உரோமையில் சுமார் 155-இல் ஜஸ்டின் பேரரசருக்கு எழுதிய விளக்கம். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடுவார்கள். திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்வார். எல்லாரும் எழுந்து நின்று மன்றாடி, முத்தமிட்டு வாழ்த்திக்கொள்வார்கள். பிறகு அப்பமும், தண்ணீரும் திராட்சை இரசமும் கொண்டுவரப்படும். தலைவர் ‘தம்மால் இயன்ற அளவு’ நீண்ட நன்றி மன்றாட்டைச் சொல்வார். மனப்பாட வாசகம் இன்னும் வரவில்லை. மக்கள் ஆமென் என்பார்கள். திருத்தொண்டர்கள் அங்கிருப்போருக்குப் பகிர்ந்து, வராதவர்களின் வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். வசதியுள்ளவர்கள் விருப்பப்படி கொடுக்கும் பணம் தலைவரிடம் சேரும். அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்போர், வழிப்போக்கர் ஆகியோருக்கு அது போகும்.

இதில் பலி எது? ஜஸ்டின் ஒரே பதிலில் நிற்பதில்லை. யூதரான திரிபோவோடு நடந்த உரையாடலாக அமைந்த நூலில், தகுதியுள்ளோர் செய்யும் மன்றாட்டும் நன்றியுமே முழுமையான பலி என்கிறார். அதே நூலில் அப்பமும் கிண்ணமுமே எல்லா இடத்திலும் செலுத்தப்படும் அந்தப் பலி என்கிறார். முரண்பாடு என்று தோன்றும். ஆனால் நன்றி சொல்வதே ஒப்புக்கொடுக்கும் முறை. இந்த வழிபாட்டின் கிரேக்கப் பெயரான ‘எயுக்கரிஸ்தியா’வே (தமிழில் நற்கருணை) நன்றி என்றுதான் பொருள்படும். பழைய ஏற்பாட்டில் முன்னடையாளம் தேடும்போது, தொழுநோய் நீங்கியவர் கொண்டுவரும் மிருதுவான மாவை அவர் எடுக்கிறார். லேவியர் 14:10-இன்படி அந்தச் சடங்கில் ஆட்டுக்குட்டிகளே 3 உண்டு. அவற்றை விட்டுவிட்டு மாவில் கண் வைத்ததுதான் கவனிக்க வேண்டியது. மனிதர் உண்ணக் கடவுள் கொடுத்ததை நெருப்பில் எரிப்பது மரியாதை ஆகாது, நாமும் உண்டு இல்லாதவருக்கும் கொடுப்பதே மரியாதை என்று பேரரசருக்கும் எழுதுகிறார். பலி சாம்பலாகப் போகாமல் ஏழையின் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த நன்றி மன்றாட்டு எழுத்தில் எப்படி இருந்தது என்பதற்கு, இப்போலித்து பெயரில் வழங்கும் ‘திருத்தூது மரபு’ ஒரு மாதிரி தருகிறது. நூல் உண்மையில் அவருடையதுதானா என்பதில் அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு. மன்றாட்டின் நடுப்பகுதி இப்படி: ‘ஆகவே அவருடைய இறப்பையும் உயிர்ப்பையும் நினைவுகூர்ந்து, இந்த அப்பத்தையும் கிண்ணத்தையும் உமக்கு ஒப்புக்கொடுத்து, உம்முன் நிற்கவும் உமக்குப் பணிசெய்யவும் எங்களைத் தகுதியாக்கியதற்காக நன்றி சொல்கிறோம்.’ கையில் இருப்பது அப்பமும் கிண்ணமும். மனதில் இருப்பது இறப்பும் உயிர்ப்பும். நினைவுகூர்ந்து, ஒப்புக்கொடுத்து, நன்றி சொல்கிறோம் என்று தமிழ் வினையெச்சங்களில் சொன்னால், மூன்றும் ஒரே செயலின் படிகள் என்பது பளிச்சென்று தெரிகிறது. 1960-களில் கத்தோலிக்கர் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த இரண்டாம் நற்கருணை மன்றாட்டு இந்த வாசகத்தை அடியொற்றியதுதான். வாரநாள் பூசைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

அதே நூலில் எண்ணெய், பாலாடைக்கட்டி, ஒலிவம் ஆகியவற்றையும் கொண்டுவரலாம். பாலாடைக்கட்டிக்கு ஒரு மன்றாட்டே இருக்கிறது: உறைந்த இந்தப் பாலைப் புனிதப்படுத்தும், எங்களையும் உம் அன்பில் உறையச் செய்யும்.

பொருள்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதற்கு லியோன் நகர ஆயர் இரேனியு சுமார் 180-இல் எழுதியது விடை. உலகையும் உடலையும் படைத்தது ஒரு தாழ்ந்த தெய்வம், அவற்றுக்கு மீட்பு இல்லை என்று மார்சியோனியரும் ஞானவாதக் குழுக்களும் சொல்லிவந்தனர். அப்படியானால் மண்ணில் விளைந்த கோதுமையையும் திராட்சையையும் எடுத்து எந்த முகத்தோடு தந்தைக்குப் படைக்கிறீர்கள் என்று கேட்கிறார் இரேனியு. அவருக்கு நற்கருணை முதல் விளைச்சலின் காணிக்கை. கடவுளுக்கு அது தேவை என்பதற்காகச் செலுத்தப்படுவதில்லை. நன்றிகெட்டவர்களாகவும் மலடாகவும் நாம் ஆகிவிடாதபடி செலுத்தப்படுவது. பலி மனிதனைப் புனிதப்படுத்துவதில்லை, கொடுப்பவனின் மனச்சான்றுதான் பலியைப் புனிதப்படுத்துகிறது என்றும் அழுத்தமாகச் சொல்கிறார்.

அடுத்த திருப்பம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வருகிறது. 250-இல் பேரரசர் தேசியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். செய்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. எகிப்தின் மணலில் 40-க்கும் மேற்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் அகப்பட்டுள்ளன. பலியிட்டேன், வார்த்துப் படைத்தேன், படைத்ததை உண்டேன் என்று மூன்று செயல்கள் அவற்றில் வரிசையாக இருக்கும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ‘ஆண்டவரின் பந்தி, பேய்களின் பந்தி’ என்ற எதிர்நிலை அரசு அலுவலகப் படிவமாகவே வந்துவிட்டது. அங்கே பலியிட்டுவிட்டு இங்கே அப்பத்தை வாங்க வந்த ஒருவன் கையைத் திறந்தபோது சாம்பல்தான் இருந்தது என்று கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் எழுதுகிறார். நற்கருணையைக் கோயில் பலிக்கு நேர் எதிரான, முழுமையான பலியாக அவர் பேசத் தொடங்கியதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அவருடைய 63-ஆம் கடிதம்தான் நற்கருணையைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டு நம்மிடம் உள்ள மிகப் பழைய ஆக்கம். பிரச்சினை மிகச் சாதாரணமானது. சில இடங்களில் காலை வழிபாட்டில் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் வைத்தார்கள். காலையிலேயே வாயில் திராட்சை இரச வாடை அடித்தால் கிறிஸ்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமும் அதற்குக் காரணம். மாலை விருந்தில் இரசமும் தண்ணீரும் கலந்த கிண்ணம் வைக்கிறோமே என்று சமாதானம் சொன்னார்கள். மாலை விருந்துக்கு மக்கள் எல்லாரையும் கூப்பிட முடியாது, சபை முழுதும் கூடும் காலையில்தான் அது உண்மையாக வேண்டும் என்கிறார் சிப்பிரியான். பிறகு கலவைக்கே வருகிறார். இரசத்தில் தண்ணீர் கலந்து குடிப்பது அன்றைய மேசை வழக்கம்தான். அவர் அதற்குப் பொருள் ஏற்றுகிறார். இரசம் கிறிஸ்துவின் இரத்தம், தண்ணீர் மக்கள். இரசம் மட்டும் இருந்தால் நாம் இல்லாத கிறிஸ்து. தண்ணீர் மட்டும் இருந்தால் கிறிஸ்து இல்லாத மக்கள். கலந்த பின் பிரிக்க முடியாது. இன்றும் குரு கிண்ணத்தில் ஒரு துளி தண்ணீர் விடுகிறார்.

அந்தக் கடிதத்தில் ஒரு வாக்கியம் கணக்கை மாற்றிவிட்டது: ‘நாம் ஒப்புக்கொடுக்கும் பலி ஆண்டவருடைய பாடுகளே.’ கிறிஸ்து செய்ததைச் செய்யும் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார் என்பதும் அங்கேதான் வருகிறது. இரேனியுவிடம் படைக்கப்பட்டது விளைச்சல், ஜஸ்டினிடம் நன்றியும் மாவும். சிப்பிரியானிடம் படைக்கப்படுவது சிலுவை. பின்னால் வந்த மேற்கத்திய இறையியல் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடந்தது.

உடனே ஒரு முட்டுக்கட்டை எழும். கிறிஸ்து ஒரேமுறை தம்மைப் பலியாக்கினார், அது திரும்பச் செய்யப்படுவதில்லை என்று புதிய ஏற்பாட்டின் எபிரேயர் திருமுகம் அடித்துச் சொல்கிறதே? இந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்க சீர்திருத்தவாதிகள் வரவேண்டியிருக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேர்பெற்ற மறையுரையாளர் யோவான் கிறிசோஸ்தோம் அதே திருமுகத்தை விளக்கும் மறையுரையில் தாமே எழுப்புகிறார்: நாம் நாள்தோறும் ஒப்புக்கொடுக்கிறோமே? ஆம், ஆனால் எங்கும் அதே ஒரே பலி; வேறொன்றை நாம் செலுத்துவதில்லை. சொல்லிவிட்டு, ‘சரியாகச் சொன்னால், பலியின் நினைவைச் செய்கிறோம்’ என்று தம்மையே திருத்திக்கொள்கிறார். கிரேக்கத்தில் அந்த நினைவு ‘அனம்னேசிஸ்’. போனதை எண்ணி ஏங்கும் நினைவு இல்லை; சொல்லிச் செய்து, நடந்ததை இப்போது முன்னிறுத்தும் நினைவு. அந்த ‘சரியாகச் சொன்னால்’ என்ற தயக்கத்தில்தான் பின்னாளைய விவாதம் முழுதும் அடங்கியிருக்கிறது.

இறையியலை விட்டு, கொண்டுவந்த கைகளைப் பார்ப்போம். அப்பமும் இரசமும் சபையார் தங்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்தவை. வெறுங்கையோடு வந்து, ஏழை கொடுத்த பலியிலிருந்து பங்கு வாங்கிப்போகும் பணக்காரப் பெண்ணைச் சிப்பிரியான் கடிந்துகொள்கிறார். கொடுத்தவரின் பெயர் பலியின்போது நினைக்கப்பட்டது. நுமிதியாவில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்க 100,000 செஸ்தெர்ஸ் (உரோமை நாணயம்) திரட்டி அனுப்பியபோது, கொடுத்தவர்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பி, உங்கள் பலிகளில் இவர்களை நினையுங்கள் என்று எழுதினார். இன்று இன்னாரை நினைத்துப் பலி ஒப்புக்கொடுங்கள் என்று திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுப்பதன் பாட்டன் இது.

பெயரை நீக்குவது தண்டனை. பூர்னி என்ற ஊரில் கெமினியு விக்டர் என்பவர், சபை விதியை மீறி ஒரு மூப்பரை, அதாவது குருவை, தம் உயிலில் காப்பாளராக நியமித்துவிட்டு இறந்தார். குருக்களைப் பீடத்திலிருந்து உலக வேலைக்கு இழுத்தவருக்குப் பீடத்தில் இடமில்லை. அவர் பெயரால் காணிக்கை கூடாது என்று சிப்பிரியான் முடிவெடுத்தார். நற்கருணையில் பங்கில்லாதவரிடம் ஆயர் காணிக்கை வாங்கக்கூடாது என்று 4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா சங்கம் விதித்தது. திதஸ்காலியா இன்னும் கறார். அடிமைகளைக் கொடுமைப்படுத்துவோர், எடைக்கல்லை மாற்றுவோர், இரசத்தில் தண்ணீர் ஊற்றும் சத்திரக்காரர், அநியாயமாக வரி வசூலிப்போர், வட்டிக்கு விடுவோர் என்று நீளும் பட்டியலில் உள்ள யாரிடமும் ஆயர் வாங்கக்கூடாது. ஏனென்றால் அந்தக் காணிக்கையைத் தின்னப்போவது கைம்பெண்கள், அவர்கள் ‘கடவுளின் பலிபீடம்’. கெட்ட பணத்தைத் தவிர்க்க முடியாமல் வாங்க நேர்ந்தால் உணவுக்குச் செலவிடாதே, விறகு வாங்கு என்கிறது நூல். அந்தப் பணம் நெருப்புக்குப் போகட்டும், கைம்பெண்ணின் வாய்க்குப் போக வேண்டாம்.

இந்த உருவகம் சும்மா வந்ததில்லை. 251-இல் உரோமைச் சபை 1,500-க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் ஏழைகளையும் பராமரித்தது என்று ஆயர் கொர்னேலியுவின் கடிதம் கணக்குச் சொல்கிறது. அப்போது அங்கே மூப்பர்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர்தான். 303 மே 19-ஆம் தேதி வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள் கிறிஸ்தவர் கூடும் வீட்டைச் சோதனையிட்டுப் பொருள்களை எழுதிக்கொண்டார்கள். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடுவை 6, வெள்ளி விளக்கு 7. அதே பட்டியல் நிற்காமல் தொடர்கிறது: பெண்களின் அங்கி 82, முக்காடு 38, ஆண்களின் அங்கி 16, ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களுடையது 47 சோடி. பலிக்கான பாத்திரமும் ஏழைக்கான துணியும் ஒரே வீட்டில் இருந்தன. அதிகாரிகள் இரண்டையும் பிரிக்காமலே எழுதினார்கள்.

பீடம் என்ற பொருளும் இந்தக் காலத்தில் மேசைதான். 2005-இல் இஸ்ரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் 3-ஆம் நூற்றாண்டுக் கூடம் ஒன்றின் தரைச் சித்திரம் வெளிப்பட்டது. அதில் ஒரு பெண்ணின் நன்கொடை பதிவாகியிருக்கிறது: ‘கடவுளை நேசிக்கும் அகெப்தூஸ், கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு இந்த மேசையை நினைவாக ஒப்புக்கொடுத்தாள்.’ ஒப்புக்கொடுத்தல், மேசை, நினைவு என்ற மூன்று சொற்களும் ஒரே வரியில் நிற்கின்றன.

4-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வாசல் குறுகுகிறது. அகுஸ்தீனின் தாய் மோனிக்கா மிலான் நகரில், ஆப்பிரிக்க வழக்கப்படி கூழும் அப்பமும் இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போனபோது, வாயிற்காவலர் தடுத்தார். முன்னோருக்குப் படைக்கும் பழைய சடங்குபோல இருக்கிறதென்று ஆயர் அம்புரோசு தடை விதித்திருந்தார். மோனிக்கா மறுபேச்சின்றிக் கூடையோடு திரும்பினார். 387-இல் ஓஸ்தியாவில் சாகும்போது, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்று மட்டும் கேட்டார். 393-இல் ஹிப்போவில் கூடிய சங்கம் பீடத்துக்கு வரக்கூடியவற்றை வரையறுத்தது: அப்பம், தண்ணீர் கலந்த இரசம், முதல் விளைச்சலில் திராட்சையும் தானியமும் மட்டும். பாலும் தேனும் திருமுழுக்கு நாளில் மட்டும், அதுவும் தனி ஆசியோடு.

ஆனால் அதே ஹிப்போவில் ஆயரான அகுஸ்தீன், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு அப்பத்தைக் காட்டிச் சொன்னது பழைய திதாக்கே பக்கம்தான் நிற்கிறது. தானியம் ஒன்றல்ல, பல. நோன்பிலும் பேயோட்டும் மன்றாட்டிலும் நீங்கள் அரைக்கப்பட்டீர்கள். திருமுழுக்கின் தண்ணீரில் பிசையப்பட்டீர்கள். தூய ஆவியின் நெருப்பில் வெந்தீர்கள். ஆண்டவரின் மேசையில் வைக்கப்பட்டிருப்பது உங்கள் மறைபொருளே. அதற்குத்தான் ஆமென் சொல்கிறீர்கள்.